கொடிக்காரர் போட்ட மூன்று நாள் திட்டம்

என் கண்ணுகளா,

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் பள்ளி லீவுக்குக் கோலாலம்பூர் போகத் திட்டம் போட்டதையும், போட்ட திட்டத்துக்காகச் சண்டை போட்டதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெரியவனுக்கு சர்க்கஸ், நடுவிலுள்ளவளுக்கு ஏரிப் பூங்கா, சின்னவனுக்கு ஐஸ். நல்ல திட்டம்தான். ஆனால் இந்த மலாயா தேசத்திலேயே உல்லாசப் பயணத்துக்குத் திட்டம் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கவர்னர் துரை சுற்றுப்பயணம் கிளம்ப ஆறு ஆபீஸ் குமாஸ்தாக்கள், எங்கள் பேச்சில் கிராணிகள், கூடிப் போடும் திட்டம்கூட அவர் திட்டத்தின் பக்கத்தில் நிற்காது. அவரைக் கொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் நான் கிள்ளானில் ரோட்டு வேலை பார்த்தேன். கல் பரப்புவது என் வேலை, தார் காய்ச்சுவது முனியன் வேலை, நீராவி ரோலரை ஓட்டுவது ராயப்பன் வேலை. அந்த ரோலருக்கு முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது கொடிக்காரர் உத்தியோகம். பின்னால் வருவது எட்டு டன் இரும்பு. முன்னால் போவது எட்டு முழ வேட்டி. கொடி மேலே போனால் துரையின் மோட்டாரும் நிற்கும், எருமையும் நிற்கும்.

பன்னிரண்டு வருஷம் ரோலர் வேகத்தில் நடந்ததில் அவருக்கு வேறு நடை மறந்துபோயிற்று. கோப்பிக் கடைக்குப் போனாலும் அதே நடைதான். பேய்மழை கொட்டும்போது நாங்கள் கூரைக்கடியில் ஓடிவிடுவோம். அவர் நடுரோட்டில் நனைந்துகொண்டு நிதானமாக வருவார்.

"ஓடி வாங்கண்ணே!" என்று கத்துவேன்.

"நா ஓடிட்டா பின்னால வர்றவனுக்கு யாருப்பா வழி காட்டுறது?" என்பார். பின்னால் ஒரு கோழிகூட வந்திருக்காது.

கால் எவ்வளவு மெதுவோ, மூளை அவ்வளவு வேகம். முடி வெட்டிக்கொள்வதற்குக்கூட மணி குறித்துத் திட்டம் போடுவார். கிள்ளானிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் கோலாலம்பூர். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. கப்பலை விட்டு இறங்கியவர் நேரே ரோட்டுக்கு வந்தவர். ஆகவே சீனப் பெருநாள் சனி ஞாயிறாக விழுந்து, பாய்லர் கழுவுவதற்காகத் திங்களும் லீவு என்று துரை சொன்னதும், பழைய ரோட்டு வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் போவதாகத் திட்டம். அதில் சில வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"சனி 8.00 முதல் 8.20: ஸ்டேஷன் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தல். 8.20: கழுத்து வலி தீரக் கோப்பி. 10.00: செருப்பு வாங்குபவர் போல் விலை கேட்டல், வாங்காமல் திரும்புதல். 11.30: நாலு பேரும் போட்டோ. ஞாயிறு 2.15 முதல் 2.30: பூங்காவில் உட்கார்ந்து சிரித்தல்."

"சிரிக்கிறதுக்குமா டைம், அண்ணே?" என்றான் முனியன்.

"பின்ன? சும்மா விட்டா நீ மூணு நாளும் சிரிப்ப. நாலு பேரு நம்மள பைத்தியம்னு நெனைக்க மாட்டாங்க?"

நான் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டேன். "அண்ணே, சீனப் பெருநாளுக்குக் கடையெல்லாம் மூடியிருக்குமே?"

என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "கிள்ளான் மூடும் தம்பி. சின்ன ஊரு. கோலாலம்பூர் பட்டணம்டா! பட்டணம் எங்கயாவது லீவு போடுமா?"

பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது அது நடந்தது. முனியன் அப்போதுதான் கொதிக்கிற தாரை ரோட்டில் ஊற்றியிருந்தான். கொடிக்காரர் துரையின் காரை நிறுத்துகிற கவனத்தில், வெறுங்காலோடு அதற்குள் இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டார். நாங்கள் அலறினோம். அவர் குனிந்து பார்த்து, "அட, ஒட்டிக்கிச்சு" என்றார்.

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ராயப்பன் கள்ளுக்கடையில் போய், கொடிக்காரர் தார்ப் பீப்பாயில் இறங்கி நீச்சலடித்தார், கரையேறித் தலை துவட்டினார் என்று சொல்லிவிட்டான். இரண்டு நாள் அவருக்கு இரும்புக்கால் என்று பெயர்.

மூன்றாம் நாள் புண் சீழ் வைத்ததால் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டிரஸ்ஸர் ஓர் ஊசியை எடுத்துப் பாதத்தில் குத்தி, "வலிக்குதா?" என்றார்.

"இன்னும் குத்தலியே, சார்" என்றார் கொடிக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டிரஸ்ஸர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். அங்கே கை அகலத்துக்கு வெளுத்த தேமல் இரண்டு இருந்தன.

பிள்ளைகளே, அது பெருவியாதி, குஷ்டம். அந்த நோய் கண்டவர்கள் சுங்கை பூலோவில் அவர்களுக்கென்று கட்டியிருக்கிற குடியிருப்புக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். போனவர்கள் திரும்பி வருவார்களா என்று டிரஸ்ஸரால் சொல்ல முடியவில்லை. "ஆரம்பந்தான். பக்கத்துல நின்னா ஒட்டிக்காது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் தனியா வச்சுக்க" என்றார். எப்போது போகிறாய் என்று கேட்டார்.

கொடிக்காரர் மடியிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். "திங்கக்கெழம சாயங்காலம் காலியாத்தான் சார் இருக்கு" என்றார். டிரஸ்ஸர் கடிதத்தில் அந்தத் திங்கட்கிழமையையே போட்டுக் கொடுத்தார். திட்டத்தின் அடியில் ஒரு வரி ஏறியது: "திங்கள் 4.00: சுங்கை பூலோ."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று நாளும் நாலு பேரோடு நாலு பேராகப் பட்டணத்தைச் சுற்ற வேண்டும். கடைசியில் அந்த வாசல் வரை யாராவது ஓர் ஆள் கூட வர வேண்டும்.

செய்தி பரவியதும் ராயப்பன், மாமியாருக்குச் சீக்கு என்றான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. முனியன், தன் பங்காளி செத்துவிட்டதாகச் சொன்னான். அந்தப் பங்காளி அப்போது எதிரே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொல்கிறேன், நான் துணிச்சலால் போகவில்லை. நல்ல பொய்களையெல்லாம் அவர்கள் இருவரும் முந்திச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பொய் மிஞ்சவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டு, காலில் கட்டின் மேல் கான்வாஸ் சப்பாத்து மாட்டி, இடுப்பில் தன் எனாமல் மங்குத் தட்டு தொங்க வந்தார். ரயிலில் கதவோரமாகவே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "பக்கத்துல ஒருத்தன் வந்து ஒக்காந்துட்டா அப்புறம் அவனுக்கு நா கணக்கு சொல்லணும்" என்றார்.

ஸ்டேஷனை இருபது நிமிஷம் அண்ணாந்து பார்த்தோம். அதுவரை திட்டம் பிசகவில்லை. 8.20-க்குக் கோப்பி குடிக்கத் தெருவுக்கு வந்தோம். கடை மூடியிருந்தது. அடுத்ததும் மூடியிருந்தது. பெரிய கடைத்தெரு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பலகை அடைத்துப் பூட்டிக் கிடந்தது. பட்டாசுக் காகிதம் கணுக்கால் வரை சிவப்பாகக் கிடந்ததே தவிர, விலை கேட்க ஒரு செருப்பு வெளியில் இல்லை.

கொடிக்காரர் நடுத்தெருவில் நின்று அந்தப் பட்டணத்தை மேலும் கீழும் பார்த்தார். "நீயுமா?" என்றார்.

பிறகு வரைபடத்தை மடித்து, "சரி, மூடின கடைய யாரு வேணும்னாலும் எவ்ளோ நேரமும் பாக்கலாம். தொரத்த ஆள் இல்ல" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தார். எப்படி? எனக்கு முன்னால் நாலு எட்டு தள்ளி, நடுரோட்டில், ரோலர் வேகத்தில், வலது கையை உயர்த்திக்கொண்டு. ரிக்‌ஷாக்கள் ஒதுங்கின. ஒரு மோட்டார் நின்றேவிட்டது. அதிலிருந்த துரை, பின்னால் என்ன வருகிறதோ என்று எட்டிப் பார்த்தார். நான்தான் வந்துகொண்டிருந்தேன்.

சாக்கடை ஓரம் திரும்பும்போது அவருடைய மரத்த கால் மடிந்தது. விழப் போனவர் என் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் ஒதுங்கிவிட்டேன். யோசித்து ஒதுங்கவில்லை. உடம்பு தானாக ஒதுங்கிற்று. அவர் முழங்கால் அடிபட விழுந்தார்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பரவால்ல தம்பி. பின்னால ரோலர் வரல" என்றார். அதோடு விட்டாரா? "ஒன்னயப் பயமுறுத்திட்டேன்ல?" என்று என்னிடமே வருத்தம் தெரிவித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

11.30-க்குப் போட்டோக்கடை. அதுவும் மூடித்தான் இருந்தது. ஆனால் அவர் கதவைத் தட்டினார். புதுப் பட்டுச்சட்டை போட்ட சீனப் பெரியவர் ஒருவர் திறந்தார். "ஹரி இனி துத்துப் லா!" என்று சிரித்தார். இன்றைக்கு மூடியாச்சு என்று அர்த்தம். திரும்பப் போன எங்களை நிறுத்தி, உள்ளே போய் ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெருநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே கொடிக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இவர் இழுக்கப் பார்த்தார். பெரியவர் விடுவதாக இல்லை. அவருக்குப் பெருநாள், பிடித்திருப்பது யார் கை என்று அவருக்குக் கவலை இல்லை.

கதவு மூடிய பிறகும் கொடிக்காரர் அந்தக் கையை நீட்டியபடியே நின்றார்.

"தம்பி, இது பிளான்ல இல்ல" என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டில் என் ஒன்றுவிட்ட அண்ணன் தங்க இடம் கொடுத்தார். கொடிக்காரர் வாசலிலேயே தன் நோயைச் சொல்லி, விறகுக் கொட்டகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் கேட்டதற்கு, காற்றோட்டத்தில் பெரிய ஓட்டல்களெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். போகிறவர் ஒருவரிடம் மணி கேட்டுவிட்டு, "ரெண்டே கால். ம், சிரி" என்றார். இரண்டு பேருக்கும் வரவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருந்தோம்.

"ராயப்பன் மாமியாருக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்றேன்.

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டே முக்கால் ஆகியும் அடங்கவில்லை. திட்டத்தை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை, பஸ்ஸில் வேண்டாம், கூட்டம் இருக்கும் என்று சொல்லி, சுங்கை பூலோவுக்குப் பாதி வழி மாட்டுவண்டியின் பின்கட்டையிலும் மீதி நடந்துமாகப் போனோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் அவர் முன்னால் கையை உயர்த்திக்கொண்டுதான் போனார். நான் பின்னால் அதே வேகத்தில் போனேன். அவ்வளவு மெதுவாக நடந்தும் அந்த வாசல் வந்துவிட்டது.

வாசலை ஒட்டிய அறையில் கிராணி ஒருவர் பெரிய பதிவேட்டை விரித்து, பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினார்.

"சொந்தக்காரங்க?"

"மலாயாவுல யாரும் இல்ல, சார்."

"ஊர்ல?"

"அங்கயும் இல்ல."

"ஒண்ணு ஆகிப்போச்சுன்னா யாருக்குத்தான் சொல்றது?" என்று கிராணி என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொடிக்காரர் முந்திக்கொண்டார். "வழி காட்ட வந்தவரு, சார். வேற ஒண்ணும் இல்ல. அங்க ஒரு கோட்டப் போட்டுடுங்க."

என்னை அவர் பார்க்கவில்லை. நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. சொந்தக்காரர் பெயர், உறவு என்ற இரண்டு கட்டங்களிலும் கிராணி கோடு இழுத்தார். பேனா கீறும் சத்தம் எனக்குக் கேட்டது.

"நாலு மணி ஆச்சு தம்பி. கெளம்பு. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்ல" என்றார் கொடிக்காரர். உள்ளே நடந்தார். இந்தத் தடவை அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அதனால் கையை உயர்த்தவில்லை.

அரை மைல் தள்ளிப் பெரிய ரோட்டில் நின்றேன். பஸ் வந்தது. "ஏறுங்கண்ணே!" என்றான் கண்டக்டர். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். பஸ் போயிற்று.

திரும்பி நடந்தேன். கிராணி வேலை முடிந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதி மூடி வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அறையில் யாரும் இல்லை. கோட்டின் மேலேயே என் பெயரையும் கிள்ளான் விலாசத்தையும் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி, கூடப் பிறந்த தம்பி என்று எழுதிவிட்டு, மை காயும் வரை ஊதிக்கொண்டே நின்றேன்.