இரட்டையர்களைத் தரம் பிரித்த கதை

வாழ்க்கையில் நான் பட்ட அவமானங்களில் முக்கால்வாசி, நல்ல பெயர் வாங்கக் கிளம்பியபோது பட்டவை. 2003-ல் அப்படித்தான் தேனிக்குக் கிளம்பினேன்.

இரட்டையராகப் பிறந்தவர்களுக்கு வயதான காலத்தில் வரும் நோய்களில் பிறவியிலேயே வந்தது எவ்வளவு, வாழ்ந்த வாழ்க்கையால் வந்தது எவ்வளவு என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சி. அதில் எனக்குத் தற்காலிக வேலை. தேனி மாவட்டம் முழுக்கச் சுற்றி, அறுபது தாண்டிய இரட்டையர்களைப் பிடித்து, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். முகாம் நன்றாக நடந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்வதாக ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குப் பெண் தருவதாக இருந்த சின்னமனூர்க்காரரும் அந்த நிரந்தரத்துக்காகத்தான் காத்திருந்தார்.

எங்கள் வீட்டில் திராட்சை விவசாயம். வியாபாரி தோட்டத்துக்கு வந்தால் அப்பா நல்ல குலையாகப் பார்த்து வெட்டி முன்னால் வைப்பார். வெம்பலும் அழுகலும் பந்தலிலேயே கிடக்கும். டாக்டரம்மாவையும் நான் வியாபாரியாகவே நினைத்துவிட்டேன். (பட்டம் வாங்கிய மூளைதான். என்ன செய்ய?) இருமுகிறவர் வேண்டாம். கம்பு ஊன்றுகிறவர் வேண்டாம். ஜோடியில் ஒருவர் படுக்கையில் என்றால், அந்த வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு நைசாக எழுந்து வந்துவிடுவேன்.

கெங்குவார்பட்டியில் பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று ஒரு ஜோடி. அண்ணன் இரும்பு மாதிரி இருந்தார். தம்பி சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"நாங்க என்னைக்கு வரணும்?" என்றார் அண்ணன்.

"தம்பிக்கு மூச்சு வாங்குது. நீங்க சிரமப்பட வேணாங்கய்யா."

"அவனுக்குத்தானப்பா டாக்டரு வேணும்?"

"இது வேற மாதிரி டாக்டருங்க" என்று சமாளித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

முகாம் அன்று என் சரக்கு ஜொலித்தது. ஒரே நிறச் சட்டையில் ஜோடி ஜோடியாக வந்து இறங்கினார்கள். உத்தமபாளையத்து அக்கா தங்கை இருவர், மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரம்மாவின் முகம்தான் மதியத்துக்குள் கறுத்துப் போனது.

"எல்லாருக்கும் பிரஷர் நார்மல், சுகர் நார்மல். இந்த ஊர்ல யாருக்குமே உடம்புக்கு வராதா?"

"நம்ம பெரியாத்துத் தண்ணி அப்படி மேடம்."

"ஒரு நோயாளி கூடவா உங்க கண்ணுல படல?"

"நெறையப் பேரு இருந்தாக மேடம். நான்தான் ஒருத்தரையும் உள்ள விடல" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதே நேரம் வாசலில் முட்டைக்கோஸ் ஏற்றும் வேன் ஒன்று வந்து நின்றது. பின்னால் கட்டிலோடு சின்னக்கருப்பன். பக்கத்தில் பெரியகருப்பன்.

"ஏலே, எங்கலே அந்தப் பய? நல்லா இருக்கவனுக்கு வைத்தியம் பாப்பீக, மூச்சு முட்டுறவன வீட்டுல கெடக்கச் சொல்வீகளோ? இது எந்த ஊரு கூத்து?"

டாக்டரம்மா ஓடிப்போய் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். அதே வேனில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். திரும்பி வந்து, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். கெட்டது ஆராய்ச்சி மட்டுமல்ல, ஒரு மனுஷனையே சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். (பிழைத்துக்கொண்டார். ஆனால் என்னோடு கடைசி வரை பேசவில்லை.)

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நல்லா இருக்கார், ஒருத்தருக்கு முடியல. ஏன்னு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த ஆளுங்களை எல்லாம் வீட்லயே விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

கழித்துவிட்ட வீடுகளின் கதவை மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. சின்னமனூர்க்காரர் காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு தன் மகளிடமும் சொல்லிவைத்தார்.

இப்போது எனக்கும் சுகர். மாதா மாதம் டாக்டரிடம் ரிப்போர்ட் காட்டப் போகிறேன். போன முறை மூன்று தாளை நீட்டினேன். அத்தனையும் நார்மல். டாக்டர் சிரித்தபடி, "பரவாயில்லையே!" என்றார்.

பக்கத்தில் இருந்த என் மனைவி சொன்னாள்: "மத்த ரிப்போர்ட்டெல்லாம் வீட்டுல இருக்கு டாக்டர். அதுகளுக்கு மூச்சு வாங்குதாம், இவுக கூட்டிட்டு வரல."