மூணுவாட்டியின் கண்ணாடி

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவில் அவரைப் போல எரிச்சல் மூட்டும் மனுஷன் இன்னொருவர் இருந்ததில்லை. எதையும் மூன்று முறை பார்ப்பார். அதனால் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர் பெயரே 'மூணுவாட்டி'. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்தவர். சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி தயார் செய்வது கிளப்பில் அவர் வேலை. நாற்பது வயதில், வேறு வேலை கிடைக்காமல், நான் அவருக்குக் கையாளாகச் சேர்ந்தேன்.

ஒருநாள் வெதுருகுப்பத்தில் ஒரு சாவுக்குப் போனோம். மாலையைப் போட்ட கையோடு பிணத்தின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது முறை வைத்தபோது செத்தவரின் மச்சான் எழுந்து வந்துவிட்டான்.

"யோவ், இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"உறுதி பண்ணிக்கறேன்பா. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அதில்தான் அவனுக்கு இன்னும் கோபம். டீத்தண்ணி கூடக் கொடுக்காமல் துரத்தினார்கள்.

தோட்டாக் கூட்டின் அடியில் மிளகு அளவு ஒரு கேப் இருக்கும். துப்பாக்கி ஊசி அடித்ததும் வெடித்து, வெடிமருந்தைக் கொளுத்துவது அதுதான். ஒரு போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, முப்பது கூடுகளில் புதுக் கேப்பைத் தலைகீழாக வைத்து அழுத்திவிட்டேன். வெடிக்காத அந்தக் கேப்புகளைத் திரும்ப வெளியே எடுத்தாக வேண்டும்.

"எண்ணெய்ல ஊற வெச்சுத் தள்ளிடுப்பா. ஏம் காதுலே" என்றார் கிளப் செயலாளர். ஒன்றும் ஆகாதாம். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகும்?

ஊறவைத்தேன். மறுநாள் மூணுவாட்டி கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"செத்துப்போன கேப்புணா."

"செத்துச்சுன்னு எவன் சொன்னான்? எண்ணெய்ல ஊறுனா செத்துடுமா? நீகூடத்தான் தினம் தலையில அரைப் பாட்டில் ஊத்திக்கினு வர்ற."

மருந்து டப்பாக்களை அடுத்த அறைக்கு மாற்றினார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். கிளப்பில் இருந்ததே அந்த ஒரு கண்ணாடிதான். இன்னொன்று வாங்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு அழுத்தும் மிஷினில் ஒரு கூட்டை வைத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, பிடியை மெல்ல மெல்ல இறக்கினார். கேப் விழுந்தது. அடுத்தது. பத்துக் கூட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேன். தொடாத" என்று போனார். அங்கேயும் கண்ணாடியோடுதான் போவார்.

தொட்டேன். படபடவென்று பிடியை இழுத்தேன். ஐந்து கூடு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆறாவதை வைத்துக் கையை ஓங்கும்போது வாசலில் வந்து நின்றார்.

"நிறுத்துடா."

என் கை நிற்கவில்லை. பாய்ந்து வந்து தன் கண்ணாடியைப் பிடுங்கி என் மூஞ்சியில் அழுத்தினார். அவர் ஒரே ஒரு முறை பார்த்துச் செய்த காரியம் அதுதான்.

கேப் வெடித்தது. ஒரு பித்தளைச் சில்லு கண்ணாடியில், என் வலது கண்ணுக்கு நேராகக் குத்தி நின்றது. இன்னொன்று அவருடைய இடது கண்ணில்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே கேட்டார்.

"நைனா, உனக்கு ரெண்டு கண்ணும் தெரியுதா?"

"தெரியுதுணா."

"ஒவ்வொண்ணா மூடிப் பாத்துச் சொல்லு."

மூன்று முறை மூடிக் காட்டின பிறகுதான் விட்டார்.

அந்தக் கண் போனது போனதுதான். அவருடைய கவனக்குறைவு என்று எழுதி, செயலாளர் கோப்பை மூடினார். அவருடைய கவனக்குறைவாம். த்தூ.

போன மாதம் சித்தூரிலிருந்து அவர் மகன் போன் செய்தான். போனேன். ஐஸ் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. மாலையைப் போட்டுவிட்டு அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள். மகன் அவர்களைக் கையமர்த்தினான்.

மூன்றாவது முறை விரலை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.