நத்தை திரும்ப ஒரு கட்டை

யோசனைக்காரரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புது நாற்காலி வாங்கினால் அதில் உட்காரமாட்டார். இன்னும் இரண்டு கால் இருந்தால் எப்படி இருக்கும் என்று அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

நம்முடையவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வீடு திரும்பியதும் கணினிமுன் உட்கார்ந்துவிடுவார். எழுத்தே தட்டாமல், வண்ண வண்ணக் கட்டைகளைத் திரையில் இழுத்து வந்து ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்த்தாலே பொம்மைகள் ஆடிப் பாடுமே, புதிதாகப் புரோகிராம் கற்பவர்களுக்கான அந்த மொழிமீது அவருக்கு அப்படி ஒரு பிரியம். அதில் ஏதாவது செய்திருக்கிறாரா? சேச்சே. அதை உருவாக்கியவர்களுக்கு யோசனை எழுதியிருக்கிறார். நூற்றுப் பதினேழு. சும்மா கிடக்கும் கட்டை கொட்டாவி விட வேண்டும் என்றும், தப்பான இடத்தில் வைத்தால் தொண்டையைக் கனைத்துக் காட்ட வேண்டும் என்றும், சிவப்பு இன்னும் கொஞ்சம் அடக்கமான சிவப்பாக இருந்தால் நல்லது என்றும் எழுதித் தள்ளியிருக்கிறார். ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. அந்த ஏக்கம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது, பாவம்தான்.

அப்போதுதான் மகளின் பள்ளியில் கண்காட்சி வந்தது. ஒன்பது வயது மகள் அந்த மொழியில் ஒரு நத்தை செய்திருந்தாள். திரையின் இடக்கோடியில் கிளம்பி வலக்கோடிவரை ஜம்மென்று போகும். போய், விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"அப்பா, முட்டினா இது திரும்பி வரணும். அத மட்டும் சொல்லிக் குடுங்கப்பா."

அவர் முகம் மலர்ந்தது. மகளுக்கு உதவவா? இல்லை, நூற்றுப் பதினெட்டு கிடைத்துவிட்டது. 'விளிம்பைத் தொட்டால் திரும்பு' என்றொரு கட்டை உடனே தேவை, அது நீல நிறத்தில் இருத்தல் நலம் என்று முன்னுரை, பயன்கள், முடிவுரையோடு எழுத உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்ட மனைவிக்கு, முக்கியமான கட்டத்தில் இருப்பதாகத் தகவல் போனது. மகள் மூன்று முறை வந்து நின்றாள். உனக்காகத்தான் எழுதுகிறேன், இரண்டே நிமிஷம் என்றார். மூன்றாவது முறை அவள் அம்மாவின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் பதில் வந்திருந்தது. அந்தக் கட்டை முதல் நாளிலிருந்தே இருக்கிறதாம், பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்க வேண்டுமாம், நிறமும் நீலம்தானாம். வேறொருவராக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். இவர் தள்ளிப் பார்த்தார், கட்டை இருந்தது, துள்ளிக் குதித்தார். விடிவதற்குள் செய்து வைத்துவிட்டார்களே! முதல் நாளிலிருந்தே என்பதெல்லாம், பெருமையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் சொல்வது.

கண்காட்சியில் நத்தை விளிம்புவரை போய் அழகாகத் திரும்பியது. மகள் தானே தேடிப் பிடித்து அந்தக் கட்டையை மாட்டியிருந்தாள். ஆசிரியை தட்டிக்கொடுத்தார். அவள் பூரித்துப்போய் அப்பாவைப் பார்த்தால், அப்பா யாரோ ஒரு பையனின் அம்மாவைப் பிடித்துவைத்து, அந்தக் கட்டை தன் யோசனையில் பிறந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு தடவ பாருங்கப்பா. ஒண்ணும் சொல்லாம பாருங்க."

பார்த்தார். நத்தை போனது, திரும்பியது. போனது, திரும்பியது. அவருக்கு உண்மையிலேயே மனசு நெகிழ்ந்துவிட்டது. மகளின் தலையை வருடியபடி, வாயே திறக்காமல், முழுதாக எட்டு விநாடி தாக்குப்பிடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு. திரும்பறப்போ மட்டும் லேசா ஒரு ஹாரன் வச்சோம்னா..."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், மகள் இந்த இடத்தில் சூடாக ஒரு பதில் கொடுத்திருக்கலாம் என்றோ, நத்தைக்குப் பதில் முயல் என்றால் கதை இன்னும் ஓடியிருக்கும் என்றோ உங்களுக்குத் தோன்றினால், எனக்கு எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் கேளுங்கள்: கடைசியாக யார் உங்களிடம் எதைக் கொண்டுவந்து காட்டினார்கள், நீங்கள் எத்தனை விநாடி தாக்குப்பிடித்தீர்கள் என்று.