ஐஸ் பிளான்ட்டில் வைத்த பை

கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரவுகளைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று வகுப்பெடுக்கிறேன். அந்தப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் இதுவரை வகுப்பில் சொன்னதில்லை.

முனைவர் பட்டத்துக்காக ஜெகதாப்பட்டினத்தில், கடலில் கைதான மீனவர்களின் மனைவிமாரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம், நாற்பத்தோரு பேட்டிகள். "எங்க பேரு வெளிய வராதுல்லம்மா?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். "என் உசுரே போனாலும் வராதுக்கா" என்பேன். (வசனத்துக்கு அப்போதே குறைச்சல் இல்லை.)

யாரும் எடுத்துவிடக் கூடாதென்று இணையத்தில் எதையும் ஏற்றவில்லை. போனில் பதிவு செய்ததை லேப்டாப்புக்கு மாற்றியதும் அழித்துவிடுவேன். "மூணு காப்பி இருக்கணும்மா" என்று என் கைடு சொல்லியிருந்தார். லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மூன்றையும் மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கடைசிப் பேட்டி, ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்த ராணி அக்காவிடம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் சாக்குப் போர்த்திய மேடை ஒன்று வாகாக இருந்தது. பை நனைந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் வைத்தேன். கணவர் பிடிபட்ட கதையை அவர் சொல்லி அழ, கேட்டு நானும் அழ, இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

"ஏம்மா, ஐஸ் கட்டி மேலயா பைய வச்ச?" என்றார் ராணி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பெஞ்சுன்னு நெனச்சேன்க்கா."

"ஐஸ் பிளான்ட்ல ஐஸ்தாம்மா இருக்கும்!"

பையைத் தூக்கினேன். அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பதறிப்போய் லேப்டாப்பை ஆன் செய்து பார்த்தேன். (நனைந்ததை ஆன் செய்யாதீர்கள் என்று இப்போது வகுப்பில் இரண்டு முறை சொல்கிறேன்.) சின்னதாக ஒரு சத்தம், ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான்.

அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று நம்பி, திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் மூன்றையும் புதைத்தேன். வீட்டுச் சோற்றில் மூன்று நாள் மீன் வாடை. நான்காம் நாள் பென் டிரைவ் மட்டும் பிழைத்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால், உள்ளே என் அண்ணனின் மச்சான் கல்யாண வீடியோ.

"போன வாரம் நீ குளிக்கப் போனப்ப எடுத்தேன். திரும்ப வச்சுட்டேன்ல?" என்றான் அண்ணன்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கடா?"

"பேட்டி ஒண்ணு, பேட்டி ரெண்டுன்னு என்னமோ கெடந்துச்சு. எடம் பத்தல, அழிச்சுட்டேன். நீதான் மூணு காப்பி வச்சிருக்கேன்னு பீத்திக்கிட்டு இருந்தியே!"

மிஞ்சியது ராணி அக்காவின் பேட்டி மட்டும், அது போனில் இருந்ததால். கைடு அதை முழுவதும் கேட்டார். பேட்டி முடிந்தும் பதிவை நிறுத்த நான் மறந்திருந்தேன். "ஐஸ்தாம்மா இருக்கும்" வரை கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "திரும்பப் போங்க" என்றார்.

போனேன். ராணி அக்காவே வீடு வீடாகக் கூட வந்தார். "ஐஸ பெஞ்சுன்னு நெனச்ச புள்ள இதுதான்" என்று வாசலிலேயே அறிமுகம் செய்துவைப்பார். சிரித்துவிட்டு உள்ளே கூப்பிடுவார்கள். போன தடவை அழுதபடி பேசிய செல்வி அக்காவின் கணவர் இதற்குள் விடுதலையாகி வந்திருந்தார். அக்கா ஒரு வரி சொன்னால், "இவளுக்கு என்ன தெரியும், நான்ல உள்ள இருந்தேன்" என்று குறுக்கே விழுந்தார். பேட்டி முழுக்கச் சண்டைதான்.

மூன்று பேர் மட்டும் மறுத்துவிட்டார்கள். "ஒரு தடவ சொன்னதே போதும்மா" என்றார் ஒருவர். அந்த வாசலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் என்னை நம்பிச் சொன்னதை நான்தான் தொலைத்திருந்தேன். பட்டம் வாங்க இன்னொரு வருடம் ஆனது.

இப்போது என் தரவுகள் கடவுச்சொல் போட்டு, தனித்தனி ஊரில் இருக்கின்றன. ஒரு ஹார்டு டிஸ்க் பொன்னமராவதியில் சித்தி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே. "ஒன் படிப்பு பத்திரமா இருக்கு, பாச்சா உருண்டை போட்டு வச்சிருக்கேன்" என்று சித்தி மாதம் ஒருமுறை போன் செய்வார். விசேஷ வீடுகளில் யாராவது ஏதாவது கேட்டு நான் பதில் தெரியாமல் விழித்தால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவான்:

"சித்திக்குப் போன் போடுங்க. இவ படிச்சதெல்லாம் பொன்னமராவதியில இருக்கு, ஆளு மட்டும்தான் இங்கிட்டு வந்திருக்கு."