மச்சானின் முதல் ஆங்கில வாக்கியம்

ஒரு குடும்பத்தில் ஒருவனுக்கு மட்டும் ஆங்கிலம் தெரியும் என்று மற்றவர்கள் நம்புவதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அதை அவனே நம்பிவிடும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவன் நான். பத்திரிகையில் வேலை. ஆங்கிலத்தில் வரும் செய்திக்குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன். (புரியாத பத்திகளை இடம் போதவில்லை என்று விட்டுவிடுவேன். தொழில் ரகசியம்.) அக்காவுக்கு இது போதாதா? "எந்தம்பி கனவே இங்கிலீசுலதான் காணுவான்" என்று கீரமங்கலம் பூச்சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அக்கா மகன் செந்தில் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அவன் குடியிருக்கும் வீட்டின் ஓனர் கிரகாம். வயதானவர், தனிக்கட்டை. செந்தில் காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தாராம். அந்த ஒரு சூப்புக்காக அக்கா அவரைக் குலதெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்டவர் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வருகிறார், மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று செந்தில் சொன்னதும் திருக்கோகர்ணத்தில் இருந்த எனக்கு போன் வந்தது.

"டேய் தம்பி, லீவப் போட்டுட்டுக் கெளம்பி வா. அந்த மனுசன் முன்னால நாங்க ஊமையா நிக்கக் கூடாது."

போனேன். கீரமங்கலத்துக்கு அங்கிட்டு, தென்னந்தோப்புக்கு நடுவில் அக்கா வீடு. மாணவர்கள் மூன்று பேர்: அக்கா, மச்சான், பக்கத்து வீட்டு சரசு மதினி.

இலக்கணம் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். அதற்கு ரயில் முறை என்று பெயர். கேன், குட், மே, வுட் போன்ற துணைவினைகள் எல்லாம் இன்ஜின். 'கொஞ்சம் ரசம்', 'ஒரு டம்ளர் மோர்', 'இன்னொரு வடை' போன்ற பெயர்த்தொடர்கள் எல்லாம் பெட்டி. இன்ஜினில் பெட்டியை மாட்டினால் வாக்கியம் ஓடும். எதில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். முதல் ஒத்திகையிலேயே அக்கா என் இலையைப் பார்த்து, "ஷல் ஐ ஹேவ் யுவர் பாயசம்?" என்றாள். உன் பாயசத்தை நான் எடுத்துக்கட்டுமா என்று அர்த்தம். சரசு மதினி, "மஸ்ட் யூ ஹேவ் எ வடை?" என்றார். உனக்கு வடை ஒரு கேடா என்கிற தொனி. (ஒத்திகைக்குச் சுட்ட வடையில் பாதியை நான் தின்றிருந்தேன். மனதில் இருந்தது வந்துவிட்டதோ என்னவோ.)

இது ஆகாது என்று எல்லா இன்ஜினையும் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். வுட் யூ லைக். 'உங்களுக்கு வேணுமா?' வந்த விருந்தாளிக்குக் கொடுக்கத்தானே போகிறோம், அவரிடம் எதைக் கேட்டு வாங்கப் போகிறோம்? பெட்டிகள் மட்டும் பெருகின. அக்காவும் மதினியும் கண்ணில் பட்டதையெல்லாம் மாட்டினார்கள். வுட் யூ லைக் எ விளக்குமாறு, வுட் யூ லைக் எ குடை. மச்சான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் ரூம் பக்கம் நின்று உதட்டை அசைத்துப் பார்ப்பார். கேட்டால், "அது வாரப்ப தானா வரும் மாப்ள" என்பார்.

கிரகாம் வந்தார். இலை போட்டோம்.

"வுட் யூ லைக் சம் சாம்பார்?" என்றாள் அக்கா.

"யெஸ் ப்ளீஸ்! லவ்லி!" என்றார் கிரகாம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ராக்கெட் விட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாவற்றுக்கும் யெஸ் ப்ளீஸ், லவ்லி. சாப்பாட்டுப் பெட்டிகள் தீர்ந்தன. இன்ஜின் நிற்கவில்லை. சரசு மதினி, "வுட் யூ லைக் எ வாழைத்தார்?" என்று முற்றத்தைக் காட்டினார். யெஸ் ப்ளீஸ். அக்கா புதுத் தூக்குவாளியைக் காட்டினாள். லவ்லி. மதினி, அக்காவுக்குச் சளைத்தவளா நான் என்று, தன் வீட்டுச் சேவலைக் காட்டினார். கிரகாம் ஒரு நொடி தயங்கி, மெல்லிய குரலில் யெஸ் ப்ளீஸ் என்றார். வேணுமா என்று வாய்விட்டுக் கேட்டு, அவர் வேணும் என்ற பிறகு கொடுக்காமல் இருப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். சேவலைக் காலைக் கட்டி, கார் டிக்கியில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கும் தூக்குவாளிக்கும் ஒத்துப்போகவில்லை என்பது சத்தத்தில் தெரிந்தது.

கடைசியாக மாட்டுக்கொட்டிலுக்குப் போனோம்.

அங்கே செவலை நின்றது. மச்சானின் ஜல்லிக்கட்டுக் காளை. எந்த வாடிவாசலிலும் எவன் கையும் அதன் திமிலில் நின்றதில்லை. செந்தில் இங்கிலாந்திலிருந்து போன் பேசினால் மச்சான் முதலில் சொல்வது காளையின் நலம். செந்திலின் நலத்தை அக்காதான் விசாரிப்பாள். கிரகாம் பாதுகாப்பான தூரத்தில் நின்று வாய் பிளந்து பார்த்தார். பெரிய பாராட்டாக ஏதோ சொன்னார். மச்சானுக்கு முகம் மலர்ந்தது. மீசை ஏறியது. ஒரு வாரமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வெளியே வந்தது.

"வுட் யூ லைக் மை காளை?"

பதில் மரியாதையாக ஏதாவது ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அவரிடம் இருந்த இன்ஜின் அது ஒன்றுதான். பெட்டி எதிரே நின்றது. காளையைக் கையால் வேறு காட்டிவிட்டார்.

கிரகாமின் முகம் வெளுத்தது. காளையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"யெஸ்... ப்ளீஸ். லவ்லி."

"என்ன மாப்ள சொல்றாரு?"

"வேணுமாம் மச்சான்."

"எது?"

"மாடு."

மச்சான் காளையின் கழுத்தை ஒரு தடவு தடவிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். "கேட்டாச்சு. குடுத்துட வேண்டியதுதான்" என்று மட்டும் குரல் வந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"அந்த மாடு போச்சுன்னா இந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு. நீதானடா சொல்லிக்குடுத்த? போ, ஒன் இங்கிலீசுலயே திருப்பி வாங்கிட்டு வா!"

கிரகாமைத் தேடிப் போனேன். அவர் தென்னை மரத்தடியில் செந்திலுடன் போனில் இருந்தார். விமானத்தில் காளைகளை ஏற்றுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டிவிட்டார்.

"மாமா, என்னதான் நடக்குது அங்க? நம்ம வீட்ல எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லிராதீங்க, வருத்தப்படுவாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். இட்லி தோசையத்தான் மாமா நெனச்சேன்! அவரு அழுகுற நெலமையில இருக்காரு."

ஆக, கொடுக்க இவருக்கு மனமில்லை, வாங்க அவருக்கு மனமில்லை. முடிந்தது பிரச்சினை என்று துள்ளிக் குதித்து உள்ளே ஓடினேன்.

"மச்சான், எந்திரிங்க! அவருக்கு மாடு வேணாமாம்!"

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். "ஏன்? எம்மாட்டுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு இல்ல மச்சான்..."

"திமிலு சின்னதாங்கிறாரா? சுழி சரியில்லையாமா? எவன்ட்ட வந்து மாட்ட வேணாங்கிறாரு?"

செய்தியைச் சரிபார்க்காமல் வெளியிட்டால் என்ன ஆகும் என்பது பத்திரிகைக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது காளையைக் கிரகாம் வாங்கியே தீர வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். அரை மணி நேரம் வீட்டுக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் ஓடினேன். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. மாடு இனி கிரகாமுடையது. ஆனால் அது மச்சானிடமே நிற்கும். கிரகாம் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை வலித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் காளையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, சேவலோடு கிளம்பிப் போனார்.

மச்சான் சொன்ன சொல் மாறாதவர். அந்தத் தையில் டோக்கன் வாங்கும்போதே மாட்டுக்காரர் பெயர் கிரகாம் என்று கொடுத்துவிட்டார். வாடிவாசலில் மைக் அலறியது: "இங்கிலாந்து கிரகாம் மாடு வருதுப்பா! தொட்டுப் பாரு! லண்டன் மாடு, தள்ளி நில்லு!" எவனும் தொடவில்லை. பரிசு ஒரு கட்டில். அடுத்த ஊரில் பீரோ. அதற்கடுத்த ஊரில் மறுபடி கட்டில். பரிசு மாட்டுக்காரருக்குத்தானே சேரும்? மச்சான் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, 'வுட் யூ லைக்' என்று ஆரம்பித்து அனுப்புகிறார். அங்கிருந்து தவறாமல் யெஸ் ப்ளீஸ், லவ்லி வருகிறது. இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்வார் என்று அக்கா இன்னும் காத்திருக்கிறாள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள் அறை முழுக்கப் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில்கள். சாப்பிட்ட களைப்பில் ஒன்றில் சாய்ந்தேன்.

"எந்திரிடா, அது அவரு கட்டுலு" என்று அக்கா ஒரு பாயைத் தூக்கிப் போட்டாள். "வுட் யூ லைக் எ பாய்?"

வேறென்ன சொல்வது? வாங்கி விரித்துக்கொண்டேன்.