சர்வரில் ரெண்டு காப்பி

செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் தட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாக தோஷத்தால் தட்டிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தோஷத்தால் கல்யாணம் தட்டிப்போன ஒரே ஆண்பிள்ளை, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில், எங்கள் அறையில் இருந்த சர்வர்தான்.

சர்வர் என்றதும் தோளில் துண்டும் கையில் நாலு தோசையுமாக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு பெரிய மனிதர் அப்படித்தான் செய்துகொண்டார். வினையே அதில்தான் ஆரம்பித்தது. இவன் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். நான் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ். தமிழ்நாடே கரண்ட் கட்டில் வெந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், பூங்காவனத்தம்மாவின் லைன் வீட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம்.

அவனுடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு கூரியர்காரர் வந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று நானே மனசாரச் சொல்லி அனுப்பிவிட்டேன். பார்சலில் அவன் ஆசை ஆசையாக வரவழைத்த ஹார்ட் டிஸ்க் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவன் என் பக்கம் முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டான்.

மற்ற பையன்கள் ஓ.டி. பணத்தில் பைக் வாங்கினார்கள். இவன் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, அணைப்பதும் கிடையாது. எங்கள் போனில் எடுக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் தானாகவே அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். போன் தொலைந்தால் என்ன, அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதுதான் சர்வர். அதையே பேசிப் பேசி அவனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"எலே, எதுக்கும் ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு மட்டும் வச்சிருந்தா அது காப்பியே இல்ல" என்பான். அதனால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். எதைப் போட்டாலும் இரண்டிலும் ஏறும்.

போன் சார்ஜ் போடுவதற்காக நாங்கள் அதன் பிளக்கைப் பிடுங்கினோம் என்று அவனுக்கு ஒரு நாள் கோபம் வந்தது. வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டான். உள்ளே ஒரு குட்டி ஃபேன் வைத்தான். சர்வரை பீரோவில் குடியேற்றி, கதவைப் பூட்டி, எங்கள் துணிமணிகளைக் கொடிக்கு அனுப்பிவிட்டான். கரண்ட் போனால் எங்களுக்கு ஃபேன் நிற்கும். சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். புண்ணியத்தில் ஓடும். நாங்கள் பீரோவின் முதுகுப் பக்கம் பாயைப் போட்டுக்கொண்டு அந்த ஓட்டை வழியே வரும் காற்றுக்குச் சண்டை போட்டோம்.

வெளியூரிலிருந்தும் அதற்குள் நுழைய வழி செய்திருந்தான். அவன் நுழையலாம், வேறு ஒரு பயல் நுழைய முடியாது. "நமக்குன்னு தனியா ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கேன். சாவி இல்லாம தெறக்காது" என்று சொல்லிச் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். அரைஞாண் கயிற்றில் பீரோ சாவியும் ஒரு பென் டிரைவும் தொங்கும். சுரங்கத்துச் சாவி அந்தப் பென் டிரைவில். குளிக்கும்போது அதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறை போடுவான்.

சுரங்கம் வேலை செய்கிறதா என்று சோதிக்க வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனான். சாமி கும்பிட்ட கையோடு வெளியே உட்கார்ந்து, லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகி, அறையில் மாட்டியிருந்த கேமராவைத் திறந்திருக்கிறான். எனக்குப் போன் வந்தது.

"எலே, தெரியுது! ரூம் அப்படியே தெரியுது!"

"சந்தோஷம்டா."

"நீ கட்டியிருக்கது என் லுங்கி. கழட்டுலே."

"இரு, மாத்திக்கிறேன்."

"அங்க நின்னு கழட்டாத, கேமரா பாக்குது!"

இப்படிப்பட்டவனுக்குத்தான் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். தினமும் சவரம் செய்தான். அந்தப் போட்டோவையும் இரண்டு காப்பி போட்டு வைத்தான் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே வந்த வரன்களெல்லாம் "சர்வரா?" என்ற ஒரே கேள்வியோடு திரும்பிப்போயிருந்தன. இதுவும் போனால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெண்ணின் அப்பாவை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். கோவில்பட்டியில் நல்ல ஓட்டமுள்ள ஹோட்டல் நடத்துகிறவர். தலைவிதியைப் பாருங்கள், சர்வர்களை வைத்து வேலை வாங்குவதே அவர் தொழில். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து இறங்கிவிட்டார். இவன் ஷிஃப்டில் இருந்தான். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அண்ணாச்சி பூங்காவனத்தம்மாவிடம் சிக்கிவிட்டார்.

"அந்தப் பேர்ல யாரும் இல்லியே... ஓ, நம்ம சர்வரா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சர்வரா?" அண்ணாச்சியின் முகம் கறுத்தது.

"ஆமாங்கறேன். வூட்லயும் ஒரு சர்வரு வச்சிக்கினு கீறாரு."

"வீட்ல எதுக்கும்மா சர்வரு?"

"யாருக்குத் தெரியும்? பீரோல போட்டுப் பூட்டிட்டு வேலைக்குப் பூடுவாரு. ரா பவலா ஓடிக்கினே கீது. ஒரு நாளு ரெஸ்ட்டு இல்ல."

"பீரோக்குள்ளயா! சோறு தண்ணி?"

"சோறு எதுக்கு? கரண்ட்டு குட்த்தா போதும்."

அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே நுழைந்தது அப்போதுதான். என்னைக் கண்டதும், "ஏந்தம்பி, என் கடைல சர்வருக்கு வாரம் ஒரு நாள் லீவு. தீபாவளிக்குத் துணிமணி. இப்படியா ஒரு மனுசன வதைக்கது?" என்றார்.

நிலைமையைச் சரிசெய்ய நினைத்து நானும் என் பங்கைச் சேர்த்தேன். "அண்ணாச்சி, அது ஆளே இல்ல. நம்ம எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு காப்பி வச்சிருக்கும்."

"ஆளுக்கு ரெண்டு காப்பி எதுக்கு?"

"ஒண்ணு மட்டும்னா அது காப்பியே இல்லம்பான். அது போயிடுச்சுன்னா இன்னொண்ணு இருக்கணுமில்ல?"

"ஏன் போகுது? ஈ விழுந்துருதா?"

நான் வாய் திறப்பதற்குள் கரண்ட் போனது. கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்தும். பீரோவுக்குள்ளிருந்து "கீ... கீ..." என்று மெலிதாக ஒரு சத்தம் எழுந்தது.

"அய்யய்யோ, உள்ள அழுதான்!" அண்ணாச்சி பாய்ந்துபோய் பீரோவைத் தட்டினார். "தம்பி! பயப்படாத! நான் இருக்கேன்!"

திறந்து காட்டலாமென்றால் சாவி கம்பெனிக்குள், அவன் இடுப்பில். நான் கையைக் காலைப் பிடித்தும் அவர் நிற்கவில்லை. போலீசுக்குப் போகாமல் நேரே பஸ்சுக்குப் போனாரே, அதுவே பெரிய விஷயம். சாயங்காலம் தரகரிடமிருந்து தகவல் வந்தது: இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

சர்வர் ஷிஃப்ட் முடிந்து வந்தான். பீரோவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "வித்துரட்டுமாடே?" என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டபோது எனக்கு, லுங்கிக்குச் சண்டை போடுகிற ஆளாகவே அவன் இருந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் கோவில்பட்டியில் வேறொன்று நடந்திருக்கிறது. அண்ணாச்சி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் மகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "அப்பா, அவுகள நேர்ல வரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். மகள் பேச்சைத் தட்டாத மனிதர் அவர். ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

பீரோ சாவியைப் பூங்காவனத்தம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். அண்ணாச்சி வீட்டில் சொந்தபந்தங்கள் கூடியிருந்தார்கள். பெண் தட்டோடு வந்தாள். ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்தவள், இவன் முன்னால் மட்டும் இரண்டு டம்ளர் வைத்தாள்.

"எதுக்கும்மா ரெண்டு?" என்றார் அண்ணாச்சி.

"அவுகளுக்கு ஒண்ணு மட்டும் குடுத்தா அது காப்பியே இல்லப்பா."

என் தோழன் காது வரைக்கும் சிவந்துபோனான். இரண்டையும் குடித்தான். அண்ணாச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பீரோவ நான் இப்பவே பாக்கணும். காட்டுனா பேச்ச எடுப்போம்" என்றார்.

பீரோ இருந்தது இருங்காட்டுக்கோட்டையில். நாங்கள் உட்கார்ந்திருந்தது கோவில்பட்டியில். சர்வர் எழுந்தான். "காட்டுதேன். சிக்னலுக்கு மொட்டை மாடிக்குப் போவோமா?" என்றான்.

மொத்தக் குடும்பமும் மாடி ஏறியது. லேப்டாப்பைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தான். அடுத்து சாவி வேண்டும். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையிலும் சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றைத் துழாவி, பென் டிரைவை அவிழ்த்தான். ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொண்டேன்.

திரை கறுப்பாகவே இருந்தது. இருந்தது. இன்னும் இருந்தது. பிறகு கட்டம் கட்டமாக எங்கள் அறை வந்தது! பீரோ விரியத் திறந்திருந்தது. அதன் கதவில் ஈரப் புடவை தொங்கியது. சர்வருக்கு வைத்த குட்டி ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, அதன் முன்னால் பூங்காவனத்தம்மா சொகுசாக உட்கார்ந்திருந்தார்.

போனைப் போட்டு ஸ்பீக்கரை வைத்தேன். "அம்மா, ஃபேனை சர்வர் பக்கம் திருப்புங்க."

திரையில் பூங்காவனத்தம்மா துள்ளி எழுந்தார். "எங்கேர்ந்துடா பாக்கறீங்க பாவிங்களா!"

மாடியில் ஒரே ஆரவாரம். அண்ணாச்சி போனை வாங்கி, "ஏம்மா, உள்ள யாரு இருக்கா, உண்மையச் சொல்லு" என்றார்.

"யாரு கீறாங்க? பொட்டிதான்யா கீது! நீ அன்னிக்கு வந்து தட்டிட்டுப் போன ஆளா? நல்லா கேட்டுக்க. எம் பொண்ணு கல்யாண சீடி பூஞ்ச புட்ச்சி வீணாப் பூட்ச்சி. நானு அழுதேன். இந்தப் புள்ளதான் பொட்டிலேர்ந்து கல்யாணத்த முழுசா எட்த்துக் குட்த்துச்சு. இந்தப் புள்ளைக்கா பொண்ணு இல்லன்னு சொன்ன?"

அண்ணாச்சி போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் பெண் முன்னால் வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு காப்பியும் இந்த ஒரே பீரோவுக்குள்ளயா வச்சிருக்கீக?"

"ஆமா."

"வீடு தீப்பிடிச்சா? வெள்ளம் வந்தா? ரெண்டும் சேந்துல்லா போயிரும்?"

அவன் திகைத்துப்போனான். அத்தனை வருஷத்தில் அவனை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. "அதுக்கு... வேற ஊர்ல ஒரு வீடு வேணுமே" என்று முனகினான்.

"ஏன், இந்த வீடு இல்லியா?" என்றாள் அவள்.

இப்படி ஒரு சம்மதத்தை நான் எங்கும் கேட்டதில்லை. அவனோ அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல், "இங்க நெட் ஸ்பீடு எப்படி?" என்று கேட்டான். முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன். அதற்குப் பிறகுதான் புரிந்து, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அண்ணாச்சி, "எனக்கு ஒண்ணும் வெளங்கல. எம் மகளுக்கு வெளங்கிருச்சு, அது போதும்" என்றார்.

கல்யாணம் கோவில்பட்டியில் ஜாம் ஜாம் என்று நடந்தது. பூங்காவனத்தம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, பெண் வீட்டாரையே அதட்டி வேலை வாங்கினார். மறுவாரமே அண்ணாச்சியின் வீட்டு மாடியறையில் இன்னொரு சர்வர் ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சி அதற்கு வாரம் ஒரு நாள் லீவு கேட்டதாகவும், மருமகன் மறுத்துவிட்டதாகவும் தகவல்.

தம்பதிகள் பக்கத்திலேயே மண்ணூரில் வீடு பார்த்து, பீரோவோடு குடிபோனார்கள். எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது என் போனிலும் சுரங்கத்துக்கு ஒரு சாவி போட்டுக் கொடுத்தான். அங்கே ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டேன். அம்மா பதறுவாளே என்று வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் போன் அடித்தது. அவன் மனைவி.

"அண்ணே, டீக்கடை, நாய்க்குட்டின்னு ஒங்க போன்லேர்ந்து தினமும் ஏதாச்சும் ஒரு போட்டோ சர்வருக்கு வந்து சேரும். நாலஞ்சு நாளா ஒண்ணையும் காணும். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "அவன்ட்ட கேக்காத, பொய் சொல்லுவான். நாம கெளம்பிட்டோம்னு சொல்லு."

வந்தார்கள். அவள் ரசம் வைத்தாள். அவன் என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் போனை வாங்கி என்னென்னவோ நோண்டிக்கொண்டு, இடையிடையே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ஒருத்தரும் இல்லை என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை.