எபார்க்கியும் காணாமல் போன தீப்பெட்டியும்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரன் எழுதுவது. அங்கே எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அக்கா அங்கே இருக்கும்போது என்ன குறை? இங்கே நலம் என்று எழுதப் பேனாவுக்கு மனசு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாத கலைக்களஞ்சிய அலுவலகம், 'எபார்க்கி' என்ற சொல்லுக்குக் குறிப்பு கேட்டது. கிரேக்கச் சொல். 'எபி' என்றால் மேலே, 'ஆர்க்கே' என்றால் ஆட்சி. பேரரசர் ஒருவரை நியமித்து ஆளவிட்ட மாகாணம்தான் எபார்க்கி. பின்னாளில் கிழக்குத் திருச்சபைகள் ஆயரின் ஆளுகைப் பகுதிக்கும் அந்தப் பெயரையே வைத்தன. எழுதி முடித்த சந்தோஷத்தில், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, சமையலறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'எபார்க்கி. ஆளுநர்: என் மனைவி.' பெருமைப்படுத்தத்தான் மச்சான், சத்தியமாக! அவள் கரண்டியோடு வந்து, "ஆளுநரை யார் நியமிக்கிறது?" என்றாள். "மேலே இருக்கிறவர்" என்றேன். "மேலே யாரு?" வாயை மூடிக்கொண்டிருக்கலாம், நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தொலைத்தேன். "இத்தனை வருஷமா நான் ஆண்டுக்கிட்டிருக்கிற இடத்தை எனக்கே தானமா குடுக்கிறீங்களா? முழுசா நீங்களே ஆளுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆள்கிறேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, மறுபடி பற்றவைக்கத் தீப்பெட்டியைக் காணோம், தேடித் திறந்த டப்பாவிலிருந்து மிளகாய்த்தூள் கண்ணில் பறந்தது, கழுவலாமென்று குழாயைத் திருகினால் திருகே கையோடு வந்துவிட்டது, வீடெல்லாம் தண்ணீர், கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து, "சார், எங்க கூரை ஒழுகுது, அம்மா இல்லையா?" என்றார். "நான் இருக்கேனே" என்றேன். "அப்போ யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திட்ட ஆளில்லாத வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது மச்சான். ஆனாலும் சொல்லுக்குப் பொருள் பொருள்தான். சீட்டைக் கிழிக்க மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். என் போனை அவள் எடுப்பதில்லை. ஆகவே இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மேலே இருப்பவன்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், அவளே போன் செய்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அழுகை வந்து வைத்துவிட்டேன். சீட்டைக் கிழித்தாயிற்று. மேலே எழுதியதில் ஒரு வரியும் படித்துக் காட்ட வேண்டாம். நானே வந்து அவளை அழைத்துப் போகலாமென்றால், வீட்டைப் பூட்டச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. திறந்து போட்டுவிட்டு வரலாமா என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள். உத்தரவு வந்ததும் கிளம்புகிறேன்.